டெல்ட்டாவிலிருந்து ஒரு ரயில்

பகல் இரண்டு மணிக்கு முதல் ஷிஃப்ட் முடிகிறது. அடுத்த இருபது நிமிடம் பொம்மசந்திரா தொழிற்பேட்டைத் தெருக்களில் நடக்க இடம் இருக்காது. வெளியே வருகிறவர்களும் உள்ளே போகிறவர்களும் தொழிற்சாலை வாசல்களில் தோள் உரசிக்கொள்கிறார்கள். டீக்கடையில் கன்னடத்தில் கேட்ட டீக்குத் தமிழில் பதில் வருகிறது. சில்லறையைத் தெலுங்கில் எண்ணிக் கொடுக்கிறார் கடைக்காரர். அந்தச் சனிக்கிழமை அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு நண்பர்கள் மட்டும் அறைக்குத் திரும்பவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த குழாயில் முகம் கழுவி, பையில் கொண்டுவந்திருந்த சட்டையை மாற்றிக்கொண்டு, மெட்ரோ நிலையத்தை நோக்கி நடந்தார்கள். நகரத்தின் இன்னொரு கோடியில், வொயிட்ஃபீல்டில், அன்று இரவு ஒரு ப்ளூஸ் கச்சேரி. நால்வரில் மூவர் அந்த வார்த்தையையே அதற்கு முந்தைய வாரம்தான் முதன்முறையாகக் கேட்டிருந்தார்கள்.

நான்காமவருக்கு அந்தக் கச்சேரியில் ஒரு பங்கு இருந்தது. மேடையில் வைக்கப்படவிருந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபையருக்குள் இருந்தது அவர் கையால் கட்டிய காயில்.

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிறது பொம்மசந்திரா. ஆனேக்கல் தாலுகா. இன்னும் சற்று தூரம் போனால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் தமிழ்நாடு. எலக்ட்ரானிக் சிட்டி என்றால் கண்ணாடிக் கட்டடங்களும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகளும். பொம்மசந்திரா என்றால் லேத், பிரஸ், பெயின்ட் வாடை, நகக்கண்ணில் கிரீஸ். இடையில் இருப்பது சில கிலோமீட்டர்தான். வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் டாக்டர் தேவி ஷெட்டியின் நாராயணா மருத்துவமனையாக இருக்கும். இதய அறுவைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களின் குடும்பங்களுக்காக மருத்துவமனையைச் சுற்றி வங்காளிச் சாப்பாட்டுக் கடைகள் முளைத்திருக்கின்றன. ராகி உருண்டையும் மீன் குழம்பும் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கும் ஊர் இது.

தொழிற்பேட்டைக்கு ஆள் வருவது வானம் பார்த்த பூமிகளிலிருந்து. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை. ஆந்திரத்தின் குப்பம், சித்தூர். இப்போது ஒரிசாவும் பீகாரும். ஹெப்பகோடி, பொம்மசந்திரா சந்துகளில் ஷீட் கூரை போட்ட ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஓர் அறையில் மூன்று பேர், நான்கு பேர். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் பாய் மடிக்கப்படுவதே இல்லை. நம் நால்வரும் அப்படி ஓர் அறையில் அறிமுகமானவர்கள்தாம். காயில் கட்டுபவர் பென்னாகரத்துக்காரர், நாற்பதை நெருங்குகிறவர், மற்றவர்களுக்கு 'அண்ணா'. இன்னொருவர் ஊத்தங்கரைப் பக்கம். மூன்றாமவர் குப்பம். நான்காவது பையன் ஒரிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. தமிழில் திட்டினால் சிரிக்கும் அளவுக்குத் தேறியிருந்தான்.

2025 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் மோடி தொடங்கிவைத்த மஞ்சள் நிற மெட்ரோ பாதை, ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். தொடக்க நாட்களில் மூன்றே ரயில்கள். 25 நிமிடத்துக்கு ஒன்று. அதற்கே ஜனங்கள் அலைமோதினார்கள். சில்க் போர்டு சந்திப்பில் மணிக்கணக்கில் நின்று பழகியவர்களுக்கு 25 நிமிடம் என்பது ஒரு சுகம்.

இந்தப் பாதையின் தென்கோடி நிலையத்தின் முழுப் பெயர் 'டெல்ட்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா'. நிலையங்களின் பெயரோடு நிறுவனங்களின் பெயரைச் சேர்ப்பது பெங்களூர் மெட்ரோ கண்ட வருமான வழிகளில் ஒன்று. அடுத்த நிலையம் 'பயோகான் ஹெப்பகோடி'. இன்னும் சற்றுத் தள்ளி 'இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன் கோணப்பன அக்ரஹாரா'. பெயர் சூட்டியவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்: ப்ளூஸ் கேட்கப் போகிறவர்கள் ரயில் ஏறுவதற்கு டெல்ட்டாவை விடப் பொருத்தமான நிலையம் உலகத்தில் வேறு இல்லை.

அந்த டெல்ட்டா அமெரிக்காவில் இருக்கிறது. தஞ்சாவூரைப் போல ஆறு கடலில் கலக்கும் இடமல்ல. மெம்ஃபிஸ் நகருக்குத் தெற்கே, மிஸிஸிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் வண்டல் சமவெளி. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் அங்கே வாரக் குத்தகைக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டுப் பருத்தி எடுத்தார்கள். 1903 வாக்கில் டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில், வராத ரயிலுக்காகக் காத்திருந்த இசைக்குழுத் தலைவர் டபிள்யூ. சி. ஹாண்டி, கிழிந்த உடை அணிந்த ஒருவர் கிதார் தந்தியின் மேல் கத்தியை அழுத்தி இழுத்து வாசிப்பதைக் கேட்டார். பாட்டும் ரயிலைப் பற்றியதுதான்: இரண்டு ரயில் பாதைகள் குறுக்கே சந்திக்கும் ஓர் ஊரைப் பற்றியது. பிற்காலத்தில் ஹாண்டி தம் சுயசரிதையில் அந்த இரவை விரிவாக எழுதினார். ப்ளூஸ் வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் அந்த நிலையத்தில் இறங்காமல் போவதில்லை.

சனிக்கிழமை இரவுகளில் தோட்டக் கூலிகளும் மரமறுக்கும் மில் தொழிலாளர்களும் கூடும் கொட்டகைகள்தாம் ப்ளூஸின் முதல் அரங்குகள். மடி வாட்டர்ஸ் அப்படிப்பட்ட ஒரு கொட்டகையைத் தம் குடிசையிலேயே நடத்தினார். ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அவரை 1941இல் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலிப்பதிவு செய்தார். மணிக்கு இருபத்திரண்டரை சென்ட் கூலி. இருபத்தைந்தாக்கச் சொல்லிக் கேட்டதில் மேற்பார்வையாளரோடு தகராறு என்று சொல்வார்கள். 1943இல் அவர் ரயிலேறி சிகாகோ போனார். பகலில் காகிதத் தொழிற்சாலை வேலை, இரவில் மதுக்கடைகளில் வாசிப்பு. சிகாகோ மதுக்கடையின் இரைச்சலில் மரக் கிதாரின் சத்தம் எடுபடவில்லை. மறு வருடமே மின்சாரக் கிதாருக்கு மாறினார். இன்று ராக் என்று உலகம் கேட்பதில் பாதி அந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்கவேண்டிய கட்டாயத்தில் பிறந்தது.

காயில் கட்டும் அண்ணாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது டிரான்ஸ்ஃபார்மர். பகலில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் அறை வாசலில் உட்கார்ந்து போர்வெல் மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் காயில் கட்டுகிறவர். சில வாரங்களுக்கு முன்னால் ஓர் இளைஞர், தலைமுடியைக் கொண்டை போட்டவர், துணியில் சுற்றிய கருகிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கொண்டுவந்தார். கிதார் ஆம்ப்ளிஃபையரினுடையது. எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, 'புதுசு வாங்கிக்கோ' என்ற பதிலையே கேட்டுச் சலித்து, கடைசியில் யாரோ சொல்லிப் பொம்மசந்திராவுக்கு வந்திருந்தார்.

இது மோட்டார் காயில் மாதிரி இல்லை. வால்வில் அதிக வோல்ட்டேஜும் குறைந்த கரன்ட்டும். ஸ்பீக்கருக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அந்த மாற்றத்தைச் செய்வது இந்தச் சின்ன இரும்புப் பெட்டி. தலைமுடி போன்ற கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று, அதற்கு மேல் தடித்த கம்பியில் கொஞ்சம், மறுபடி மெல்லிய கம்பி, மறுபடி தடித்தது என்று அடுக்கடுக்காகக் கட்டவேண்டும். ஒரே மூச்சில் கட்டிவிட்டால் மேல் ஸ்வரங்கள் மங்கிப்போகும். அண்ணா பழைய காயிலை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எண்ணினார். ஊத்தங்கரைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நூறு நூறாகக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. பிறகு லெதராய்டு பேப்பர், புதுக் கம்பி, வார்னிஷ், வெயிலில் காயவைத்தல். கூலியோடு நான்கு டிக்கெட்டும் வந்தது இப்படித்தான்.

மின்சாரக் கிதார் உலகத்தின் முக்கியப் பெயர்களில் ஒன்றான லியோ ஃபெண்டர்கூட இதே வகை ஆள்தான் என்பதை இங்கே சொல்லவேண்டும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். கடைசிவரை அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது.

அன்றைய பயணத்தில் யாரும் பேசாமல் விட்ட விஷயம் ஒன்றிருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, அடுத்த மாதம் முதல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற தாள் அண்ணாவின் கைக்கு வந்திருந்தது. பதினோரு வருட வேலை. ஊருக்குத் திரும்புவதா, ஓசூரில் தேடுவதா என்று அவர் முடிவு செய்யவில்லை. டிக்கெட் ஏற்கெனவே கையில் இருந்ததால் மட்டுமே கிளம்பினார்கள்.

ரயில் தூணுக்கு மேல் ஓடுகிறது. பல வருடம் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்த மேம்பாலமும் கம்பெனிகளின் மொட்டை மாடிகளும் சன்னலுக்குக் கீழே தெரிகின்றன. ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதைக்கு மாறி, வொயிட்ஃபீல்ட் பக்கம் இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சாலை வழியே குறுக்கே போனால் தூரம் குறைவு; ஆனால் பெங்களூரில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பவர்கள் புதிதாக வந்தவர்கள். சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரத்துக்கு நேராகப் போகும் பாதை ஒன்றும் திட்டத்தில் உண்டு. அந்தச் சனிக்கிழமை அது கட்டுமானத்தில்தான் இருந்தது. அந்தப் பாதைக்கு வைத்திருக்கும் நிறம் நீலம்.

பெங்களூருக்கும் மேல்நாட்டு இசைக்கும் பழைய உறவு. தண்டுப் பகுதியில் பட்டாள பாண்டு வாத்தியங்களிலும் தேவாலயப் பாட்டிலும் தொடங்கியது. 1989இல் ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் திறந்த பெக்கோஸில் இசைத்தட்டும் கேசட்டும் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. சுதந்திர தினத்தை ஒட்டி இலவசமாக நடக்கும் ஃப்ரீடம் ஜாம் 1996இல் தொடங்கியது. 2003 ஏப்ரலில் அரண்மனை மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்து பாடினார்கள். அந்தக் குழுவின் பெயரே மடி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. மும்பையில் 2011 முதல் மஹிந்திரா ப்ளூஸ் விழா. முதல் வருடமே சிகாகோவின் பட்டி கை வந்தார். ஷில்லாங்கில் 2003இல் உருவான சோல்மேட் குழு, 2007இல் மெம்ஃபிஸில் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டி வரை போய்வந்தது.

ஆனால் மைதானம் வேறு, சின்ன அறை வேறு. சின்ன அறைகளுக்குத்தான் பெங்களூரில் கஷ்டம். பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 2005ஆம் வருட ஆணை, 'லைவ் பாண்டு' என்ற பெயரில் நடந்த நடன மதுக்கூடங்களைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அந்த வருடம் போலீஸ் உரிமம் கேட்கத் தொடங்கியதும், கட்டடச் சான்றிதழ் கைவசம் இல்லாத மதுக்கூடங்களில் கிதார் மட்டுமல்ல, ஸ்பீக்கரும் மௌனமானது. நடனக்காரிகளைக் குறிவைத்த சட்டம் மவுத் ஆர்கன் வாசிப்பவனையும் சேர்த்துப் பிடித்தது. இந்திராநகரில் 2013 முதல் புதிய குழுக்களுக்கு மேடை கொடுத்துவந்த ஹம்மிங் ட்ரீ 2019இல் மூடப்பட்டது. இன்று சின்ன இடங்களில் நேரடி இசை நடக்கிறதென்றால், அது உரிமையாளர்களின் பிடிவாதத்தால்தான்.

வொயிட்ஃபீல்டின் விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ் அப்படிப்பட்ட பிடிவாதம் ஒன்று. 2012 முதல் நடக்கிறது. உள்ளேயே காய்ச்சும் பீர், சுவரெங்கும் புத்தகங்கள், கேட்பதற்கென்றே அமைத்த சின்ன அரங்கம். டெக்ஸாஸில் டாலஸ் நகருக்குப் பக்கத்திலும் ஒரு கிளை உண்டு. டாலஸ் என்றால் ப்ளூஸ் ரசிகர்களுக்கு ராபர்ட் ஜான்சன் ஞாபகம் வரும். 1936இலும் 1937இலும் டெக்ஸாஸில் பதிவு செய்த 29 பாட்டுகளை விட்டுவிட்டு 27 வயதில் இறந்துபோனவர். பெங்களூர்க்காரர்கள் அங்கே போய்க் கடை திறப்பார்கள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

நால்வரும் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். மெனு அட்டையைப் படித்த குப்பத்துக்காரர் அதை மெதுவாக மூடி, இரண்டு பீர் போதும் என்று முடிவெடுத்தார். பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், ஒரு பிறந்தநாள். விளக்கு மங்கியதும் பேச்சு நின்றது. குடிக்கிற இடத்தில் இத்தனை அமைதியா என்று ஊத்தங்கரைக்காரர் ஆச்சரியப்பட்டார். நியாயமான ஆச்சரியம். மிஸிஸிப்பிக் கொட்டகையில் இந்த அமைதியைப் பார்த்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மேடையில் கிதார், பாஸ் கிதார், டிரம்ஸ், மவுத் ஆர்கன். நான்கு பேரும் உள்ளூர் இளைஞர்கள். ஒரு மர நாற்காலி மேல் அந்த ஆம்ப்ளிஃபையர்.

அண்ணா முதல் இரண்டு பாட்டையும் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபையரைக் கேட்டார். உறுமல் வருகிறதா, வார்னிஷ் சூடாகும் வாடை வருகிறதா என்பதிலேயே கவனம். மூன்றாவது பாட்டில் கிதார் இளைஞர் திருகை முழுக்கத் திருப்பினார். சத்தம் உடைந்தது. சுத்தமாக வந்துகொண்டிருந்த ஸ்வரம் ஓரங்களில் கிழிந்து, கரகரத்து, தொண்டை கட்டியவன் கத்துவது போல வந்தது. அண்ணா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வால்வு தாங்கும் அளவைத் தாண்டி அலையின் தலை வெட்டுப்படும்போது வரும் சத்தம் அது. தொழிற்சாலைச் சோதனை மேஜையில் அப்படி ஓர் அலை திரையில் தெரிந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவிடுவார்கள். இங்கே கூட்டம் கை தட்டியது.

"என்னண்ணா, போயிருச்சா?" என்றார் ஊத்தங்கரைக்காரர் ரகசியமாக.

"போகலடா. வேணும்னே பண்றான்."

சிகாகோவின் ப்ளூஸ் இசைக்குழுக்கள் கண்டுபிடித்தது இதைத்தான். மலிவான சின்ன ஆம்ப்ளிஃபையரைச் சக்திக்கு மீறி ஓட்டினால் அது அழும். அந்த அழுகையை எந்தப் புதுக் கருவியாலும் சரியாகப் போலி செய்ய முடியவில்லை என்று நம்புகிறவர்கள் இன்றும் வால்வைத் தேடி அலைகிறார்கள். ஸ்வரத்திலும் இதே சங்கதிதான். ப்ளூஸ் பாடகர் நிற்கும் காந்தாரம் பியானோவில் இல்லை. நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, எங்கேயோ வழுக்கிக்கொண்டிருக்கிறது. பியானோக்காரருக்கு அது அபஸ்வரம். கிதார்க்காரர் தந்தியை விரலால் தள்ளி வளைத்து அங்கே போகிறார், வீணைக்காரர் இழுப்பது போலவே. அடிப்படை ஐந்து ஸ்வரங்களை வரிசையாக எழுதினால் சுத்த தன்யாசி. கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகிய தமிழருக்கு ப்ளூஸ் முதல் கேட்பிலேயே பாதி தெரிந்த முகமாகத் தோன்றுவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

பாட்டின் அமைப்பு எளிமையானது. பன்னிரண்டு தாளக் கட்டம். ஒரு வரியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வது. வரிக்கும் வரிக்கும் நடுவே கிதாரோ மவுத் ஆர்கனோ எதிர்ப்பாட்டு. வார்த்தை புரியாத ஊத்தங்கரைக்காரர் அமைப்பைப் பிடித்துவிட்டார். "எங்க தாத்தா ஏத்தம் இறைக்கறப்ப இப்படித்தான் பாடுவாராம். மேல நிக்கறவர் ஒண்ணு சொன்னா கீழ இருக்கறவர் எடுப்பார்" என்றார். ஒப்பாரி என்றார் குப்பத்துக்காரர். ஒப்பீடுகள் சுலபமாக வருகின்றன. எல்லாவற்றையும் நம்பிவிட முடியாது. விற்கப்பட்டு, சங்கிலியோடு கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் உண்டாக்கிய இசை இது. ஏற்றப்பாட்டு பாடியவருக்குத் தன் ஊர்ப் பெயர் தெரியும். ஆனால் வேலை செய்யும் உடம்பு மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டும் நிற்கவேண்டியிருக்கிறது என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

கச்சேரி முழுவதும் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. பாடிய இளைஞருக்குக் குரல் இருந்தது. அந்த வேதனையை எங்கோ ஒலித்தட்டில் கேட்டு மனப்பாடம் செய்ததும் தெரிந்தது. மவுத் ஆர்கன் வாசித்தவர்தான் நெஞ்சை அறுத்தார். மெதுவான பாட்டு ஒன்றில் மற்ற மூவரும் வாசிப்பை நிறுத்திவிட, தூரத்தில் ரயில் போவது போல ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டே போனார். கஞ்சம் பையன் அதற்குள் தூங்கியிருந்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்தவன். அண்ணா மேடையைப் பார்க்காமல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை ஒரு தரம் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். மற்ற இருவரும் பார்க்காதது போல இருந்தார்கள்.

இடைவேளையில் கிதார் இளைஞர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, எப்படி?"

"சூடாகுதா?"

இருவரும் மேடைக்குப் போய், ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தார்கள். தாங்கும் சூடுதான். அங்கேயே இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவரிடம் அப்பா காலத்து வால்வு ரேடியோ. இன்னொருவரிடம் மூன்று வருடமாகக் கட்டிலுக்கடியில் கிடக்கும் ஆம்ப்ளிஃபையர். எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். அண்ணாவுக்கு விலை சொல்லத் தெரியவில்லை. இதுவரை அவர் கட்டிய காயில்களுக்கு விலை சொன்னது வேறு யாரோ. குப்பத்துக்காரர் முந்திக்கொண்டு ஒரு தொகை சொன்னார். அதிகம்தான். அவர்கள் சரி என்றார்கள்.

கச்சேரி முடியும் முன்பே எழவேண்டியிருந்தது. மூன்று பாதை மாறிப் போகவேண்டும். கடைசி ரயிலை விட்டால் இரவெல்லாம் ஆட்டோக்காரரோடு வாக்குவாதம். வெளியே வந்தபோதும் கதவு வழியாகக் கிதார் கேட்டுக்கொண்டிருந்தது. கஞ்சம் பையனைத் தோளில் தட்டி நடக்கவைத்தார்கள்.

ஆர்.வி. ரோட்டில் ஏறிய மஞ்சள் ரயில் பாதி காலி. ஜயதேவா, சில்க் போர்டு, பொம்மனஹள்ளி என்று நிலையங்கள் போயின. ஊத்தங்கரைக்காரர் கோடு போட்டுக் குறித்த பழைய தாளை அண்ணா சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். பின்பக்கத்தில் இரண்டு தொலைபேசி எண்கள் எழுதியிருந்தன. இரண்டாவது எண்ணில் கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. குப்பத்துக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஏழு என்றார். ஊத்தங்கரைக்காரர் ஒன்று என்றார். ஹெப்பகோடி வரும்வரை இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணா இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொண்டார்.